புதுப்பிப்பு: அல்பினோ ஜோடிக்குச் சாதாரணக் குட்டி ஏன்?

போன மாதம் கேட்டிருந்தேனே, நான் வளர்க்கும் லெப்பர்ட் கெக்கோ பல்லி ஆணும் பெண்ணும் அல்பினோ (உடலில் கருநிறம் இல்லாதவை), பொரித்த இரண்டு குட்டியும் சாதாரண நிறம், விற்றவர்கள் ஏமாற்றிவிட்டார்களா என்று. ஏமாற்றவில்லை. இங்கே மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், பக்கத்துத் தோட்டத்து அண்ணன் ஒருவர் விளக்கினார்.

இந்தப் பல்லியில் அல்பினோ மூன்று வகை: டிரெம்பர், பெல், ரெயின்வாட்டர். மூன்றும் ஒடுங்கு பண்பு. ஒரே வகை மரபணு அப்பா, அம்மா இரண்டு பக்கமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். விற்றவர்களிடம் திரும்பக் கேட்டதில், என் ஆண் டிரெம்பர், பெண் பெல். குட்டிக்கு ஒவ்வொன்றிலும் ஒற்றை மரபணுதான். பார்க்கச் சாதாரணம், உள்ளே இரண்டையும் சுமக்கிறது. இதுதான் ‘டபுள் ஹெட்’. (ஹெட் என்றால் தலை என்று நினைத்திருந்தேன், சிரிக்காதீர்கள். ‘ஹெட்டரோசைகஸ்’ என்பதன் சுருக்கமாம், அந்த மரபணுவை ஒற்றையாகச் சுமப்பது.)

அப்புறம் விற்பவர்கள் சொல்லும் ‘66 சதவீத ஹெட்’. ஒரே வகை ஹெட் இரண்டை ஜோடி சேர்த்தால், சாதாரணமாகத் தெரியும் குட்டிகளில் மூன்றுக்கு இரண்டு அந்த மரபணுவைச் சுமக்கும் வாய்ப்பு. எது என்று கண்ணால் சொல்ல முடியாது.

வகைகளைக் கலந்தால் பேரக்குட்டி எந்த அல்பினோ என்றே தெரியாமல் போகும் என்றார் அண்ணன். சரி, ஜோடியைப் பிரித்துவிட்டேன். ஆனால் பெண் விந்தைச் சேமித்து வைக்குமாம், முட்டை இன்னும் வரலாம்.