அவசரம்: இருட்டியதும் கேமரா பாதிப் படங்களை விட்டுவிடுகிறது

மொட்டைமாடி:
நிஷாகந்தி மொட்டு மேல்நோக்கி நிமிர்ந்துவிட்டது, நாளை இரவு பூத்துவிடும் போல. நிமிடத்துக்கு ஒரு படம் என்று பூ விரிவதை எடுக்கக் கேமராவைக் கணினியோடு இணைத்திருக்கிறேன். பகலில் அருமையாக எடுக்கிறது. இருட்டியதும் நிறைய படங்கள் காணோம். விடிந்தால் பூ வாடிவிடும். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

கேபிள்_ராஜா:
என்ன கேமரா? கேபிள் எவ்வளவு நீளம்? யூஎஸ்பி 2.0க்கு 5 மீட்டர்தான் வரம்பு. என் அனுபவத்தில் பத்தில் எட்டுப் பிரச்சினை கேபிளில்தான்.

பென்குயின்:
என்ன மென்பொருள்? திரையில் என்ன பிழை வருகிறது?

மூத்தவன்:
கேமரா மாடல் இல்லை, கணினி எதுவென்று இல்லை, பிழைச்செய்தி இல்லை. இப்படிக் கேட்டால் யார் என்ன சொல்ல முடியும் தம்பி? கணினியிலிருந்து கேமராவை இயக்கும் ஜிபோட்டோ மென்பொருள் பற்றி இங்கேயே பல இழைகள் இருக்கின்றன. முதலில் அவற்றைப் படித்துவிட்டு வாருங்கள்.

மொட்டைமாடி:
கேனன் 700டி, ராஸ்பெர்ரி பை (சின்னக் கணினி), ஜிபோட்டோ2. கேபிள் ஒன்றரை மீட்டர். 'குட் நாட் க்ளெய்ம் தி யூஎஸ்பி டிவைஸ்' (கேமராவைத் தன்வசம் எடுக்க முடியவில்லை) என்று வருகிறது.

பென்குயின்:
அப்படியென்றால் வேறு ஏதோ நிரல் கேமராவைப் பிடித்து வைத்திருக்கிறது. ராஸ்பெர்ரி பையில் டெஸ்க்டாப் ஓடினால், கேமராவைச் செருகியதும் அதன் ஜிவிஎஃப்எஸ் என்ற கோப்பு நிரல் தானாக அதைத் திறந்துகொள்ளும். ஓடிக்கொண்டிருக்கும் அந்த நிரலை (ப்ராசஸை) நிறுத்துங்கள்.

தஞ்சை_ஒளி:
அதுதான் காரணம் என்றால் பகலிலும் இதே பிழை வர வேண்டுமே? எனக்கு ஆட்டோஃபோகஸ் மேல்தான் சந்தேகம். இருட்டில் ஃபோகஸ் கிடைக்காமல் க்ளிக் ஆகாது. லென்ஸில் எம்எஃப்-க்கு (கையால் ஃபோகஸ்) தள்ளுங்கள்.

மொட்டைமாடி:
ஏற்கெனவே எம்எஃப்-தான். ஜிவிஎஃப்எஸ் நிறுத்தியும் அதேதான்.

ஷட்டர்_சுந்தரி:
இதற்குக் கணினி எதற்கு? டைமர் ரிமோட் ஒன்று செருகினால் போதும், கார்டில் படம் விழும்.

பென்குயின்:
அப்படிச் சொல்லாதீர்கள் அக்கா. ரிமோட் க்ளிக் மட்டும்தான் செய்யும். படம் கணினிக்கு வந்தால் ஃபோகஸ் சரியா என்று உடனே பார்க்கலாம், நடு இரவில் ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறனை) மாற்றலாம், அதுவும் செடியைத் தொடாமல், ட்ரைபாடை அசைக்காமல்.

ஷட்டர்_சுந்தரி:
ராஸ்பெர்ரி பை நடுவில் உறைந்து நின்றால் பூவும் போச்சு. வருடத்தில் சில இரவுகள் பூக்கிற செடிக்கு இந்தப் பரிசோதனை வேண்டாம் என்கிறேன். தினமும் ஓட விட்டாலும் ஆபத்துதான். நிமிடத்துக்கு ஒன்று என்றால் நாளைக்கு 1440 க்ளிக். 1,50,000 க்ளிக் தாங்கும் என்று சொல்லப்பட்ட கேனன் 5டி மார்க் 2 கேமராகூட சுமார் 104 நாளில் அந்த எண்ணிக்கையைத் தொட்டுவிடும்.

மூத்தவன்:
அவர் எடுப்பது ஓர் இரவு. இந்தக் கணக்கு இங்கே எதற்கு?

தஞ்சை_ஒளி:
மொட்டைமாடி, காணாமல் போன படங்கள் எந்த நேரத்துக்கு உரியவை? குறித்த நேரத்துக்கு நிரலைக் கிளப்பும் க்ரானில் ஓட்டுகிறீர்களா? எந்த மோட்?

மொட்டைமாடி:
க்ரான்தான், ஏவி மோட் (லென்ஸ் துவாரமான அபர்ச்சரை நான் வைப்பேன், ஷட்டர் நேரத்தைக் கேமரா முடிவு செய்யும்). 8.01, 8.03, 8.05 இருக்கிறது. நடுவில் இருக்க வேண்டியவை இல்லை.

தஞ்சை_ஒளி:
ஒன்றுவிட்டு ஒன்று! பிடிபட்டது. ஏவி-யில் இருட்ட இருட்ட ஷட்டர் 30 வினாடி வரை நீளும். லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன் என்ற, படத்தின் புள்ளிகளை நீக்கும் வசதி வேலை செய்தால், அதே 30 வினாடிக்கு ஷட்டரை மூடியபடி இன்னொரு கறுப்புப் படம் எடுத்து, அதைக் கழிக்கும். ஆக 60 ஆகிவிட்டது, அதன்பின் டவுன்லோட் வேறு. அது முடிவதற்குள் க்ரான் அடுத்த ஜிபோட்டோவைக் கிளப்பிவிடுகிறது. கேமராவை முந்தைய ஜிபோட்டோதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. பகலில் எக்ஸ்போஷர் கண்சிமிட்டும் நேரம் என்பதால் மோதல் இல்லை.

மெனுவில் நாய்ஸ் ரிடக்‌ஷனை அணையுங்கள். ஏவி-யை விட்டு, ஷட்டர் நேரத்தையும் நாமே வைக்கும் மேனுவலுக்கு வாருங்கள். சின்ன எல்ஈடி விளக்கு ஒன்றைப் பக்கவாட்டில் வைத்தால் 2, 3 வினாடியே போதும். க்ரானை எடுத்துவிட்டு ஜிபோட்டோவிலேயே இன்டர்வல் (இடைவெளி) 60 வினாடி கொடுங்கள். ஒரே ப்ராசஸ், அதனால் ஒரு படம் தாமதமானாலும் மோதாது.

மூத்தவன்:
இதுதான் சரி. ஆட்டோ பவர் ஆஃப்பையும் அணைத்துவிடுங்கள். யூஎஸ்பி வழியாக இந்தக் கேமராவுக்கு மின்சாரம் போகாது. இரவு 7 முதல் 3 வரை ஓட வேண்டுமென்றால் பேட்டரி இடத்தில் செருகி வீட்டு மின்சாரம் தரும் டம்மி பேட்டரி அடாப்டர் போடுங்கள். 480 படம் வரும், வினாடிக்கு 24 படம் என்ற வேகத்தில் 20 வினாடி வீடியோ.

கேபிள்_ராஜா:
கேபிளையும் ஒருமுறை மாற்றிப் பாருங்கள்.

மொட்டைமாடி:
நாய்ஸ் ரிடக்‌ஷன் அணைத்து, மேனுவலில், இன்டர்வல் போட்டு ஓட்டினேன். ஒன்றும் விடுபடவில்லை. பூ முழுதாக வந்திருக்கிறது, எல்லோருக்கும் நன்றி! வீடியோவில் வெளிச்சம் லேசாகத் துடிக்கிறது, அது ஏன்?

தஞ்சை_ஒளி:
மேனுவலிலும் துடிக்கிறதென்றால் லென்ஸின் அபர்ச்சர் இதழ்களாக இருக்கலாம். ஒவ்வொரு க்ளிக்குக்கும் மூடும்போது ஒரே அளவில் நிற்காது. முழுதாகத் திறந்து வைத்தால் இது வராது. எந்த லென்ஸ், எந்த எஃப் எண் (அபர்ச்சர் அளவு)?

பென்குயின்:
விளக்கு மின்சாரத்தில் எரிந்ததா, பேட்டரியிலா?