பிரிட்டனின் கடைசி ஆழ நிலக்கரிச் சுரங்கத்தை மூடியது சரியா? – சேலம் வாசகர்களின் விவாதம்

மேட்டூர்க்காரர்:
பிரிட்டனின் கடைசி ஆழ நிலக்கரிச் சுரங்கமான கெல்லிங்லியை மூடியது பூமிக்கும் நல்லது, மனிதர்களுக்கும் நல்லது என்று அஸ்தம்பட்டி மாணவி இங்கே நேற்று எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை.

நான் அனல் மின் நிலையத்தில் கொதிகலன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நிலக்கரியோடு வாழ்ந்தவன். நமக்கு வரும் ஒடிசாக் கரியில் முப்பது, நாற்பது சதவீதம் சாம்பல். மழைக்காலத்தில் நனைந்து, கொதிகலனுக்குக் கரி இறக்கும் பெரிய தொட்டியான பங்கரின் சுவரில் களியாக ஒட்டிக்கொள்ளும், இறங்கவே இறங்காது. இரவு ஷிஃப்டில் ஆட்கள் தடியால் தட்டித் தட்டி இறக்குவார்கள். அப்படி வேலை செய்தவர்களுக்குத்தான் நல்ல கரியின் அருமை தெரியும்.

யார்க்‌ஷயரில் உள்ள கெல்லிங்லியில் 1960இல் குழி தோண்டத் தொடங்கினார்கள்; 1965இல் கரி வந்தது. ஆழம் ஏறக்குறைய 800 மீட்டர். அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கைக் கூண்டில் நேர்க்குத்தாக இறங்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்தில் சுரங்கங்கள் மூடப்பட்டபோது அங்கிருந்து குடும்பம் குடும்பமாக வந்து இதில் சேர்ந்தார்கள். 2015 டிசம்பர் 18 அன்று கடைசி ஷிஃப்ட் மேலே வந்தது. சுமார் 450 பேர் வேலை இழந்தார்கள்.

அன்றைக்கு அந்த நாடு கரி எரிப்பதை நிறுத்திவிட்டதா? இல்லை. ரஷ்யாவிலிருந்தும் கொலம்பியாவிலிருந்தும் கப்பலில் இறக்கி எரித்தது. சொந்த மண்ணுக்கு அடியில் கோடிக்கணக்கான டன்னை விட்டுவிட்டு, சொந்தத் தொழிலாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வெளிநாட்டுக் கரியை வாங்கியதால் பூமிக்கு என்ன நன்மை?

அஸ்தம்பட்டி மாணவி:
ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் 800 மீட்டர் ஆழத்தில் என்ன நடந்தது என்பதை நீங்கள் சொல்லவில்லை. கெல்லிங்லியில் 2008இல் ஒருவர் இறந்தார், 2009இல் ஒருவர் இறந்தார், 2011இல் கூரை இடிந்து இன்னொருவர் இறந்தார். இது பழைய காலத்துக் கதை இல்லை. எல்லா நவீன இயந்திரங்களும் வந்த பிறகு நடந்தது. நீள்சுவர் முறையில் இயந்திரம் கரியைச் சீவிக்கொண்டே முன்னேறும். தாங்கு கருவிகள் அதோடு நகர, பின்னால் கூரை தானாக விழ விடுவார்கள். அந்த விழும் கூரைக்கு முன்னால் நின்று வேலை செய்யும் ஆளை நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்று. ஆழம் கூடக் கூடக் காற்றுக்குச் செலவு, தண்ணீர் இறைக்கச் செலவு, ஆள் போய்வரவே நேரம். அமெரிக்காவில் பாறை அடுக்குகளிலிருந்து எடுக்கும் எரிவாயு (ஷேல் கேஸ்) மலிவானதும் அந்த நாட்டுக் கரி உலகச் சந்தையில் கொட்டியது, விலை சரிந்தது. பிரிட்டிஷ் அரசும் கரியமில வாயு மீதான வரியை 2015 ஏப்ரலில் ஏறக்குறைய இருமடங்காக்கியது. அதன் பிறகு எந்த ஆழச் சுரங்கம் தாக்குப்பிடிக்கும்? 2024 செப்டம்பர் 30 அன்று அந்த நாட்டின் கடைசிக் கரி மின் நிலையமே மூடப்பட்டுவிட்டது. கெல்லிங்லியை இழுத்துப் பிடித்திருந்தாலும் இன்னும் ஒன்பது ஆண்டுகள்தான்.

மேட்டூர்க்காரர்:
ஒன்பது ஆண்டு“தான்” என்று எழுதுகிறீர்களே அம்மா. ஐம்பது வயதில் வேலை போனவனுக்கு அந்த ஒன்பது ஆண்டுதான் ஓய்வூதியம் வரை போகும் வழி. 1984இல் அங்கே ஓராண்டு வேலைநிறுத்தம் நடந்தது எதற்காக? சுரங்கங்களை வரிசையாக மூடப்போகிறார்கள் என்பதற்காக. தாட்சர் அரசு வென்றது, தொழிலாளர்கள் தோற்றார்கள், ஊர்கள் அழிந்தன. 2014இல் அரசு கெல்லிங்லியை நடத்திய நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தது. சுரங்கத்தைக் காப்பாற்ற இல்லை, ஒழுங்காக மூடுவதற்கு!

தங்கவயல் பேரன்:
நானும் எழுத வேண்டியிருக்கிறது. என் தாத்தா சேலம் பக்கத்திலிருந்து கோலார் தங்கவயலுக்குப் போனவர். அது தங்கச் சுரங்கம்தான், ஆனால் ஆழத்தில் கெல்லிங்லி அதன் பக்கத்தில் வராது. அங்கிருந்த சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. பாறை வெடித்துச் சிதறும்போது மேலே வீட்டிலிருக்கும் பாத்திரங்கள் அதிரும் என்று பாட்டி சொல்வார். தாத்தாவின் நுரையீரலைக் கல்தூசி தின்றது. கடைசிக் காலத்தில் அவரால் படுத்துத் தூங்க முடியவில்லை. சுவரில் தலையணை வைத்துச் சாய்ந்தபடியே விடியும்வரை உட்கார்ந்திருப்பார்.

மேட்டூர் ஐயா, நீங்கள் சுரங்கத்துக்காகப் பேசுகிறீர்கள். கூண்டில் இறங்கிய குடும்பத்திலிருந்து சொல்கிறேன்: என் பிள்ளை அதில் இறங்க வேண்டாம். மாணவித் தங்கைக்கும் ஒரு சொல். 2001 பிப்ரவரி 28 அன்று தங்கவயலை மூடினார்கள். அடுத்த நாளிலிருந்து யாருக்கு நல்லது நடந்தது? தங்கம் பிரித்தெடுத்த கழிவு குவிந்த சயனைடு மேடுகள் அப்படியே நிற்கின்றன. காற்றடித்தால் அந்தத் தூசி வீட்டுக்குள் வருகிறது. மாரிக்குப்பத்தில் விடியுமுன் ரயிலேறி பெங்களூரு போய் வேலை பார்த்து இரவில் திரும்புகிறார்கள் சுரங்கத் தொழிலாளியின் பிள்ளைகள். மூடியதோடு கணக்கு முடிந்ததாக யாரும் எழுதாதீர்கள்.

கருப்பூர் மகள்:
தங்கவயல் சகோதரர் சொன்னதுதான் எனக்கும் முக்கியம். ஜெர்மனியைப் பாருங்கள். ஆழக் கரிச் சுரங்கங்களுக்கான மானியத்தை 2018இல் நிறுத்துவது என்று 2007லேயே முடிவு செய்தார்கள். பதினோரு ஆண்டுகள்! அரசும் நிறுவனமும் தொழிற்சங்கமும் உட்கார்ந்து பேசி, வயதானவர்களுக்கு முன்கூட்டிய ஓய்வும் இளையவர்களுக்கு மாற்றுப் பயிற்சியும் ஏற்பாடு செய்தார்கள். பாட்ராப் நகரின் ப்ராஸ்பர்-ஹானியேல் 2018 டிசம்பர் 21 அன்று மூடியபோது, கடைசிக் கரிக்கட்டியைக் குடியரசுத் தலைவரின் கையில் கொடுத்தார்கள்.

அதைவிட முக்கியம் தண்ணீர். பாட்ராப் இருக்கும் ரூர் சுரங்கப் பகுதியில் கரியை எடுத்து எடுத்து, சில இடங்களில் நிலம் இருபது மீட்டருக்கு மேல் தாழ்ந்துவிட்டது. பம்புகளை நிறுத்தினால் ஊர்கள் ஏரியாகும். ஆகவே காலமெல்லாம் தண்ணீர் இறைப்பதற்கென்றே ஒரு அறக்கட்டளையை அமைத்துப் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

எங்கள் ஊரில் வெள்ளைக்கல் (மாக்னசைட்) எடுத்த குழிகளில் மழைத்தண்ணீர் நிற்கிறது. அவை கரிச் சுரங்கம்போல் ஆழமில்லை, திறந்த குழிகள்தான். அனுமதிச் சிக்கலில் வேலை நின்றபோது நிரந்தர ஊழியர்களுக்காகப் பேச ஆள் இருந்தது. என் அம்மா கல் பொறுக்கித் தரம் பிரித்த ஒப்பந்தக் கூலி. மேஸ்திரி “நாளையிலிருந்து வர வேண்டாம்” என்றார். ஒரு காகிதம்கூடக் கொடுக்கவில்லை.

அஸ்தம்பட்டி மாணவி:
அக்கா, ஜெர்மனியை முழுமையாகப் பாருங்கள். ஆழச் சுரங்கத்தை மரியாதையாக மூடிய அதே நாடு, திறந்தவெளிப் பழுப்பு நிலக்கரியை விடவில்லை. நம் நெய்வேலி போன்ற குழிதான், கார்ட்ஸ்வைலர் என்று பெயர். அதற்காக 2023 ஜனவரியில் லுட்சராத் என்ற சிற்றூரைப் போலீஸ் வைத்துக் காலி செய்தார்கள். தொழிலாளிக்கு நியாயம் செய்தார்கள், ஒப்புக்கொள்கிறேன். காற்றுக்கு இன்னும் செய்யவில்லை. எனக்கு இரண்டும் வேண்டும்.

மேட்டூர்க்காரர்:
மாணவி சொல்வது என் வாதத்துக்குத்தான் வலுச் சேர்க்கிறது. கெல்லிங்லியை மூட வைத்தது விலை. அது காலநிலைக்காகச் செய்த தியாகம் என்று பிறகு பூசி மெழுகாதீர்கள். கருப்பூர் மகள் சொன்ன பதினோரு ஆண்டை அந்த 450 பேருக்கும் கொடுத்திருந்தால் இந்த விவாதத்தையே நான் தொடங்கியிருக்க மாட்டேன்.

கருப்பூர் மகள்:
அப்படியானால் ஐயா, மேட்டூர் அனல் மின் நிலையத்தைப் பற்றிச் சொல்லுங்கள். முதல் அலகு 1987இல் ஓடத் தொடங்கியது. அதற்கும் ஒரு நாள் வரும். பங்கரைத் தடியால் தட்டியவர்கள் என்று எழுதினீர்களே, அவர்கள் நிரந்தரமா, ஒப்பந்தமா?

மேட்டூர்க்காரர்:
பெரும்பாலும் ஒப்பந்தம். சாம்பல் அள்ளியவர்களும் அப்படியே. மூடும் பேச்சு வரும் நாளில் முதலில் அவர்கள் பெயர்ப் பட்டியலை மேசையில் வைக்க வேண்டும் என்று எங்கள் சங்கக் கூட்டத்தில் கேட்பேன். ஆனால் மாற்று வேலைக்கான உத்தரவு கையில் வராமல் மூடும் தேதியை ஏற்க மாட்டேன்.

அஸ்தம்பட்டி மாணவி:
தேதி குறிக்காமல் எந்த அரசும் மாற்று வேலைக்குப் பணம் ஒதுக்காது ஐயா. ஜெர்மனியில் முதலில் வந்தது தேதிதான். அந்த இடத்தில் நானும் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.