கார் ஷெட் ஷட்டர் மோட்டார் முனகுது, சுத்த மாட்டேங்குது. மாற்றாக எதைப் போடலாம்?

கமலாலயம் என்ற புனைபெயரில் ஒருவர் கேட்டது:

வணக்கம். திருவாரூரில் வீட்டு கார் ஷெட்டுக்கு ரோலிங் ஷட்டர். 10 அடி அகலம், 8 அடி உயரம், இரும்புத் தகடு. ஸ்பிரிங் கிடையாது, 4 இஞ்சு பைப்பில் சுத்துது. பக்கவாட்டு மோட்டார், செயின் டிரைவ், சிங்கிள் ஃபேஸ். மேலே 300 கிலோ என்று எழுதியிருக்கு. போட்டு 11 வருஷம்.

ஒரு மாசமா சாயந்தரம் 6 மணிக்கு மேல பாதியில நிக்கும், காலையில ஒழுங்கா ஏறும். இப்போ எந்நேரமும் முனகல் மட்டும்தான். பார்க்க வந்தவர் "வைண்டிங் போச்சு, 300 எல்லாம் பத்தாது, 800 கிலோ மோட்டாரா போட்டுடுங்க" என்கிறார். 800 தேவைதானா? எந்த மாதிரி மோட்டார் நம்பி வாங்கலாம்? ஷெட்டுக்கு வேற வாசல் கிடையாது, அதையும் மனசுல வச்சுச் சொல்லுங்க.

வெண்ணாறு:

800 வேண்டாம் சார். முதல்ல இந்த மோட்டார் செத்துப் போச்சான்னே தெரியலை. வைண்டிங் (மோட்டாருக்குள்ள சுத்தியிருக்கிற கம்பி) எரிஞ்சிருந்தா பெரும்பாலும் கருகல் வாடை அடிக்கும், இல்ல எம்.சி.பி. (போர்டுல தானா விழற சுவிட்ச்) விழும். முனகிட்டு நிக்குதுன்னா சந்தேகம் மூணு பேர் மேலதான்: மோட்டாரைச் சுத்தத் தொடங்க வைக்கிற கண்டென்சர், ஷட்டரைப் பிடிச்சு நிறுத்துற பிரேக், வோல்டேஜ்.

எம்.சி.பி.யை இறக்கிட்டு மோட்டார் மூடியைத் திறங்க. கண்டென்சரோட ரெண்டு முனையையும் ஒரு குண்டு பல்பு வழியா இணைச்சு, உள்ள தேங்கி நிக்கிற கரண்டை இறக்கிடுங்க. அப்புறம் ஒயரைக் கழற்றி, கெப்பாசிட்டன்ஸ் அளக்கிற மீட்டர்ல பாருங்க. மேல எழுதியிருக்கிற மைக்ரோஃபாரட்ல 10 சதவீதத்துக்கு மேல குறைஞ்சிருந்தா மாத்திடணும். பாதியா குறைஞ்சிருந்தா இப்போ நீங்க சொல்றது அப்படியே நடக்கும்.

வைண்டிங்கைப் பார்க்க ஓம் மீட்டர் போதும். மூணு ஒயர் வரும்: காமன், ஏற, இறங்க. காமனுக்கும் ஏறுற ஒயருக்கும் வர்ற அளவும், காமனுக்கும் இறங்குற ஒயருக்கும் வர்ற அளவும் ஒண்ணா இருக்கணும். ஏற–இறங்க ரெண்டுக்கும் நடுவுல அளந்தா அதோட இரட்டிப்பு. 12, 12, 24 மாதிரி வந்தா நல்லாயிருக்கு. 12, 7, 19ன்னு வந்தா ஒரு பக்கம் உள்ளுக்குள்ளயே ஷார்ட் ஆயிருக்கு, ரீவைண்டிங்தான்.

பட்டனை அழுத்தினதும் 'டக்'ன்னு பிரேக் விடுற சத்தம் கேக்குதான்னும் கவனிங்க. அது கேக்கலைன்னா மோட்டார் பூட்டின பிரேக்கோட மல்லுக்கட்டிட்டு நிக்குதுன்னு அர்த்தம். பிரேக் காயில், இல்ல அதுக்குக் கரண்ட் கொடுக்கிற ரெக்டிஃபையர் போயிருக்கும். ஷட்டர் பாதி ஏறி நிக்கும்போது பிரேக்கைக் கையால ஒருபோதும் தளர்த்தாதீங்க. உங்களுக்கு ஸ்பிரிங் இல்ல, மொத்த எடையும் மடமடன்னு கீழ வந்துடும்.

இப்போ எடைக் கணக்கு. 10க்கு 8, 80 சதுர அடி. மடிச்சு உருட்டின தகடுங்கிறதால தட்டைத் தகட்டை விட இரும்பு கூடுதலா போகும். தோராயமா 20 கேஜ் தகடு சதுர அடிக்கு 1 கிலோ, 18 கேஜ் 1.25 கிலோ. அடித்தட்டு, ஆங்கிளுக்கு 10 கிலோ சேர்த்தா உங்க ஷட்டர் 90லேர்ந்து 110 கிலோ. இதுக்கு ரெண்டு மடங்கு வச்சாலும் 220. 300 தாராளம்.

மோட்டார் மேல எழுதியிருக்கிற கிலோவும் ஒரு குறிப்பிட்ட பைப் அளவுக்குத்தான். பைப் பெருசானா அதே எடையைத் தூக்க அதிக முறுக்கு வேணும். 4 இஞ்சு பைப் வெளி விட்டம் 114 மி.மீ., 6 இஞ்சு 168. அதே ஷட்டரை 6 இஞ்சு பைப்புல சுத்தினா கிட்டத்தட்ட ஒண்ணரை மடங்கு பாரம். 4 இஞ்சுக்கு அந்தக் கவலை இல்ல.

800 போட்டா என்ன கெட்டுப்போச்சுன்னு கேப்பாங்க. பூட்டைத் திறக்க மறந்து ரிமோட்டை அமுக்குறது எந்த வீட்டுலயும் ஒரு நாள் நடக்கும். 300 மோட்டார் அடித்தட்டைக் கொஞ்சம் வளைச்சுட்டுத் திணறி நிக்கும். 800 தகட்டைக் கைடுலேர்ந்து (ரெண்டு பக்கமும் தகடு ஓடுற பள்ளம்) பிடுங்கிப் போட்டுட்டுத்தான் நிக்கும். பூட்டுல ஒரு மைக்ரோ சுவிட்ச் வச்சு, பூட்டியிருந்தா மோட்டாருக்கு லைன் போகாதபடி பண்ணிடுங்க. புது மோட்டார் வாங்கினாலும் வாங்காட்டியும் அது வேணும்.

கல்லணைக்கால்வாய்:

"சாயந்தரம் மட்டும்"னு சொன்னதுலதான் விஷயம் இருக்கு. இந்த வகை மோட்டாரோட இழுவை வோல்டேஜோட வர்க்கத்துல குறையும். 230க்குப் பதிலா 180 வந்தா 61 சதவீதம்தான் கிடைக்கும். 160க்கு இறங்கினா பாதிகூட இல்ல. டெல்டாவுல குறுவை, சம்பா நேரத்துல பம்புசெட் ஓடுற லைனோட கடைசி டிரான்ஸ்ஃபார்மர்ல இருக்கிற வீட்டுக்கு இது புதுசா என்ன!

அளக்கிறதை மீட்டர் பாக்ஸ்ல அளக்காதீங்க. மோட்டார் டெர்மினல்ல, பட்டனை அமுக்குற அந்த ரெண்டு செகண்டுல அளங்க. சும்மா இருக்கும்போது 205 காட்டுற இடம் ஸ்டார்ட்டிங்ல 170க்கு இறங்கும்.

ஒயரைத் தடியா மாத்தினா சரியாயிடும்னு சொல்லுவாங்க. 25 மீட்டர் தூரத்துக்கு 1 சதுர மி.மீ. செம்பு ஒயர்ல 10 ஆம்பியர் ஸ்டார்ட்டிங்குக்கு விழறது 9 வோல்ட். 2.5 போட்டா 4 வோல்ட். மிச்சம் 5 வோல்ட், அவ்வளவுதான். புதுசா இழுத்தா 2.5 போடுங்க, ஆனா அதை மருந்துன்னு நினைக்காதீங்க. ஒயரை விட லூஸ் ஜாயிண்ட் அதிகம் தின்னும்: ஸ்டார்ட்டிங் நேரத்துல சுடுற டெர்மினல் எதுன்னு தேடுங்க. நிரந்தரமா வோல்டேஜ் குறைவுன்னா இ.பி. ஆபீசுல எழுதிக் கொடுக்கணும், இல்ல இந்த லைனுக்கு மட்டும் ஸ்டெபிலைசர். ஸ்டெபிலைசரை மோட்டாரோட ஓட்டுற வாட்டுக்கு வாங்காம ஸ்டார்ட்டிங் ஆம்பியருக்கு வாங்கணும்.

கமலாலயம்:

நன்றி. அளந்தாச்சு. ஓம் 14, 14, 28. கண்டென்சர் மேல 20 போட்டிருக்கு, மீட்டர்ல 9தான். பிரேக் சத்தம் கேக்குது. ராத்திரி 7 மணிக்கு ஸ்டார்ட்டிங்ல 172 வோல்ட். புது கண்டென்சர் போட்டதும் ஏறிடுச்சு!

ஆனா கியர் பாக்ஸ் அடியில எண்ணெய் கசிஞ்சு சுவர் கறுத்திருக்கு, ஷட்டர் நின்ன பிறகும் செயின் அரை இஞ்சு முன்னும் பின்னும் ஆடுது, பல்சக்கரத்தோட பல்லெல்லாம் கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கு. ஐப்பசி மழைக்கு முன்னாடி மாத்திடலாம்னு இருக்கேன். நேரா வீட்டுக் கரண்ட்ல ஓடுற ஏ.சி. மோட்டாரே போடவா, பேட்டரி வச்ச டி.சி. போடவா?

கோடியக்கரை:

வோல்டேஜ் 172க்கு இறங்குகிற இடத்துக்கு டி.சி.தான் என் தேர்வு. 24 வோல்ட் மோட்டார், 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு தொடராக. லைன் வோல்டேஜ் ஏறினாலும் இறங்கினாலும் மோட்டார் பேட்டரியிலிருந்து தேவையானதை எடுத்துக்கொள்ளும்; சார்ஜர் மெதுவாக நிரப்பிக்கொள்ளும்.

கணக்கு பாருங்கள். 110 கிலோவை 8 அடி தூக்க முக்கால் வாட்-மணி போதும்; கியரில் வீணாவதைச் சேர்த்தால் 2 அல்லது 3. இரண்டு பேட்டரியிலும் சேர்த்து 168 வாட்-மணி. பாதியை மட்டும் எடுத்தாலும் இருபது, முப்பது தடவை தூக்கலாம். பேட்டரியைத் தின்பது தூக்குவதல்ல, ரிமோட்டுக்காகச் சும்மா விழித்திருக்கும் ரிசீவர் போர்டு. போர்டு 3 வாட் எடுத்தால் 24 மணி நேரத்தில் 72 வாட்-மணி. அதனால் போர்டு சும்மா இருக்கும்போது எத்தனை மில்லியாம்பியர் இழுக்கிறது என்று விற்பவரிடம் கேளுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் ஷட்டரை இறக்கிவிட்டுப் பேட்டரி ஒயரைக் கழற்றிவிடலாம். பேட்டரியை மூன்று வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுகிற செலவையும் இப்போதே கணக்கில் வையுங்கள்.

ஏ.சி.யிலேயே நின்று வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டலாம் என்று நினைத்தால், சைன் வேவ் மட்டும். ஸ்கொயர் வேவில் மோட்டார் முனகிச் சூடாகும்.

ஆனால் எதைப் போட்டாலும் கைச்சங்கிலி வேண்டும். 2018 நவம்பர் 16-இல் கஜா அடித்தபோது வேதாரண்யம் பக்கம் பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அதற்கு எந்தப் பேட்டரியும் தாங்காது. உங்களுக்கு வேறு வாசல் இல்லை என்கிறீர்கள். கைச்சங்கிலி உள்ளே தொங்கினால் வெளியில் நிற்கிறவருக்கு அது எதற்கு? வெளிச்சுவரிலிருந்து சாவி போட்டுத் திருகுகிற ஏற்பாடு உள்ள மாடலா என்று பார்த்து வாங்குங்கள். இல்லையென்றால் சங்கிலியைச் சுவரில் பூட்டு வைத்த சின்னப் பெட்டி வழியாக வெளியே கொண்டுவர வேண்டும்.

இரண்டாவது, செயின். செயின் டிரைவில் மோட்டார் பிரேக் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், செயின் அறுந்தால் அந்த பிரேக்குக்கும் ஷட்டருக்கும் உறவே இல்லை. பைப்பின் மறுமுனையில் தனியாக மாட்டுகிற சேஃப்டி பிரேக் இருக்கிறது. ஷட்டர் வேகமாக இறங்கத் தொடங்கினால் தானே கவ்விக்கொள்ளும். குழந்தைகள் ஓடுகிற வீட்டில் இதை விடாதீர்கள். தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில், குறுக்கே யாராவது வந்தால் ஷட்டரை நிறுத்துகிற ஃபோட்டோ சென்சரும் வையுங்கள். சென்சர் இல்லாமல் தானாக மூடும் வசதியை ஒருபோதும் போட வேண்டாம்.

ரிமோட்: 433 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை என்பது பெரும்பாலானவற்றில் இருக்கும், அது முக்கியமில்லை. ரோலிங் கோடா (ஒவ்வொரு தடவை அமுக்கும்போதும் மாறுகிற ரகசியக் குறி), நிலையான கோடா என்று கேளுங்கள். சாவி நகலெடுக்கும் கடையில் கிடைக்கிற காப்பி ரிமோட் உங்கள் ரிமோட்டைப் பத்து செகண்டில் படித்துக்கொண்டு ஷட்டரைத் திறந்தால் அது நிலையான கோடு. வாங்கும் முன் கடையிலேயே செய்து பார்க்கச் சொல்லலாம்.

பிராண்டைக் கேட்டால், ஸ்டிக்கர் வேறு, உள்ளே ஒரே மோட்டார் என்பது இந்தத் தொழிலில் சகஜம். போர்டும் லிமிட் சுவிட்ச்சும் (மேலேயும் கீழேயும் ஷட்டரைச் சரியான இடத்தில் நிறுத்துவது) தனி உதிரியாகத் தஞ்சாவூரிலோ திருச்சியிலோ கிடைக்கிறதா என்பதுதான் கேள்வி. மழைக்காலத்தில் முதலில் சாவது போர்டு.

வெண்ணாறு:

கோடியக்கரை சொன்னதுக்கு மேல, மாட்டுற அன்னிக்குக் கவனிக்க வேண்டியது கொஞ்சம்.

பழைய மோட்டாரைக் கழற்றும் முன்னாடி ஷட்டரை முழுசா கீழ இறக்கிடுங்க. தகடு தரையில நிக்கணும், பைப்புல பாரமே இருக்கக் கூடாது. உள்ளேயிருந்து பார்த்தா மோட்டார் இடதா வலதான்னு குறிச்சுக்குங்க. மாறி வந்தா பிளேட்டை வெட்டி ஒட்டணும். செயின் பிட்சை (ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் உள்ள தூரம்) அளக்க ஒரு பின்லேர்ந்து பதினோராவது பின் வரைக்கும் மி.மீ.ல அளந்து பத்தால வகுங்க: 12.7 வந்தா அரை இஞ்சு, 15.875 வந்தா எட்டுல அஞ்சு (5/8) இஞ்சு. பழைய பல்சக்கரத்துல புதுச் செயின் போடாதீங்க, உங்களோடது கொக்கியா ஆயிடுச்சு. ரெண்டு சக்கரம், செயின் மூணையும் சேர்த்து மாத்துங்க. பெரிய சக்கரத்தோட பல் எண்ணிக்கை பழசே இருக்கணும். பல் குறைஞ்சா வேகமா ஏறும், மோட்டாருக்குப் பாரம் கூடும்.

செயின்ல விரலை வச்சு அமுக்கினா ஒரு செ.மீ. போல அமுங்கணும். வீணைத் தந்தி மாதிரி இழுத்துக் கட்டினா பேரிங் போகும். செயினுக்கு 90 கியர் ஆயில் லேசா. கைடுக்குள்ள கிரீஸ் வேண்டவே வேண்டாம். அறுப்பு சமயத்துல பறக்கிற நெல் தூசும் மணலும் அதுல ஒட்டிக் களிம்பா அரைக்கும். மெழுகுவத்தியைத் தேய்ச்சாலே போதும்.

போர்டைத் தரையிலேர்ந்து 5 அடிக்கு மேல மாட்டுங்க. ஒயர் பெட்டியோட அடிப்பக்கமா நுழையணும், நுழையற முன்னாடி ஒரு தொங்கல் விடணும், தண்ணி அதுல சொட்டிடும். ஓட்டையை சிலிக்கான் வச்சு அடைங்க. எறும்பு ரிலேக்குள்ள புகுந்து நசுங்கி, ஷட்டர் ஒரு பக்கம் மட்டும் ஓடும். மேல இருக்கிற மூடிக்குள்ள குளவிக் கூடு இருக்கான்னு பார்த்துட்டு ஏறுங்க. 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிஞ்சா லைனைத் துண்டிக்கிறது), எர்த் ரெண்டும் இல்லாம கனெக்ஷன் கொடுக்க விடாதீங்க. மழையில நனையற இரும்பு ஷட்டர் அது.

லிமிட் செட் பண்ணும்போது ஏத்தி இறக்கி ஏத்தி இறக்கி, ஏ.சி. மோட்டாரா இருந்தா அஞ்சாறு தடவைக்குள்ள சூடாகி நின்னுடும். அது தெர்மல் கட்-ஆஃப். அரை மணி விட்டா தானா வரும். "புது மோட்டாரே கோளாறு"ன்னு அவசரப்பட்டுத் திருப்பி அனுப்பிடாதீங்க. கீழ் லிமிட்டைத் தரையில அழுந்தற மாதிரி வைக்காம, அடி ரப்பர் தொட்டதும் நிக்கிற மாதிரி வைங்க. அழுந்தினா மேல சுருள் தளர்ந்து, அடுத்த தடவை ஏறும்போது தகடு ஒண்ணுமேல ஒண்ணு ஏறி மாட்டிக்கும்.

கமலாலயம்:

24 வோல்ட் டி.சி., 300 கிலோ, வெளிச்சாவி, சேஃப்டி பிரேக், பூட்டுல மைக்ரோ சுவிட்ச். இதையே எழுதிக் கொடுத்து விலை கேக்கிறேன். பழைய மோட்டாரைத் தூக்கிப் போடவா?

வெண்ணாறு:

வேண்டாம். வைண்டிங் நல்லாயிருக்கு, கண்டென்சரும் புதுசு. ஆயில் சீல் மாத்தி, கியர் தேய்மானத்தையும் பார்க்கச் சொல்லிப் பட்டறையில கொடுங்க. பாரம் கம்மியான சின்னக் கடை ஷட்டருக்கு யாராவது வாங்கிப்பாங்க.