இம்ப்யூரிட்டி: மாசா, சேர்பொருளா, அயலணுவா?

அனைவருக்கும் வணக்கம். இங்கே சிங்கப்பூரில் கண்காட்சி ஒன்றின் விளக்கப் பலகைகளை வெள்ளிக்கிழமைக்குள் தமிழில் தரவேண்டும். மின்னணுச் சில்லு செய்வதற்கான சிலிக்கானை 99.9999999 விழுக்காடு தூய்மையாக்கிய பின்னர், வேண்டுமென்றே சிறிதளவு பாஸ்பரஸ் சேர்க்கிறார்கள். அதற்கும் ஆங்கிலத்தில் 'இம்ப்யூரிட்டி' (impurity) என்றே பெயர். தமிழ்நாட்டுப் பாடநூல்களைப் பின்பற்றி 'மாசு' என்றெழுதி, உயர்நிலை மூன்றில் படிக்கும் மகளிடம் காட்டினேன். "அப்படியென்றால் சில்லு கெட்டுப்போய்விட்டதா?" என்று கேட்டாள்.

*

மறுமொழி: 'மாசு' என்பதில் குறையேதும் இல்லை. மை, மால், மாமை ஆகியவற்றைப் போல அதுவும் கருமையைக் குறிக்கும் அடியிலிருந்து பிறந்தது என்பது என் துணிபு. 34ஆம் குறளில் 'மாசிலன்' என்று ஆளப்பட்ட சொல் இது. லத்தீன் 'பூரூஸ்' என்பதும் வடமொழியின் 'பவித்ரம்' என்பதும் ஒரே வேரின. சடங்கு வாடை வீசும் அந்தக் குடும்பத்தை நாம் ஏன் பின்தொடர வேண்டும்?

*

மறுமொழி: ஐயா, வேர் இருக்கட்டும். சிராங்கூன் சாலை நகைக்கடைகளில் 916 முத்திரையுள்ள வளையலை எடுத்துப் பாருங்கள். ஆயிரத்தில் 84 பங்கு செம்பு முதலியனதான். அவை இல்லாவிட்டால் வளையல் கையிலேயே வளைந்துவிடும். அதை மாசு என்றால் கடைக்காரர் அடிக்க வருவார். சைவர்கள் ஆணவ மலத்துக்கு உவமை சொல்லும் செம்பின் களிம்பு வேறு, நாமாகச் சேர்ப்பது வேறு. விரும்பாதது மாசு, விரும்பியது 'சேர்பொருள்' என்று பிரித்துவிடலாமே?

*

மறுமொழி: பிரிக்க இயலாது அம்மா. தெம்பனிஸ் சில்லுத் தொழிற்சாலை ஒன்றில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: போரான் என்னும் வேறொரு தனிமம் மட்டுமே இருக்கவேண்டிய இடத்தில் அதே பாஸ்பரஸ் புகுந்தால் அது தொல்லை. பொருள் ஒன்றே, விருப்பம்தான் வேறு. 'அயலணு' என்றால் இரண்டுக்கும் பொருந்தும். அண்டை அயல் என்கிறோமே, அதுபோல அந்தப் பாஸ்பரஸ் சிலிக்கானின் இருக்கையில் அமர்ந்து, நான்கு சிலிக்கான் அணுக்களோடு பிணைந்து, மிஞ்சிய ஐந்தாவது எலக்ட்ரானைத் திரியவிடுகிறது.

*

மறுமொழி: இங்கே பள்ளியில் அறிவியலைத் தமிழில் கற்பிப்பதில்லை என்பதற்காகப் பாடநூல் வழக்கைக் கைவிடுவது தகாது. இணையத்தில் தேடுபவர் 'மாசு' என்றே காண்பார். உங்கள் அயலணு அவருக்கு அகப்படாது.

*

நன்றி. மூவர் உடன்பட்டதால் பலகையில் 'அயலணு' என்றே எழுதி அனுப்பிவிட்டேன். ஐயாவின் பொருட்டு, முதல் இடத்தில் மட்டும் 'மாசு எனவும் வழங்கும்' என்று சேர்த்திருக்கிறேன். அதை வடிவமைப்பாளர் இடமில்லை என்று நீக்காதிருக்க வேண்டும்.