ஸ்கேவெனிங்கனில் பழைய மீனவர் ஊரை எங்கே பார்ப்பது?

நெய்தல்நிலா:
அக்டோபரில் நெதர்லாந்தின் ஹேக் நகரில் இருக்கும்போது ஒரு பகலை அதன் கடற்கரைப் பகுதியான ஸ்கேவெனிங்கனுக்கு ஒதுக்கியிருக்கிறோம். நான்கு பேர், ஒருவருக்கு முழங்கால் வலி, மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடக்க இயலாது. எங்கே தேடினாலும் கடலுக்குள் நீளும் பியர் என்ற நடைப்பாலமும் குர்ஹவுஸ் ஹோட்டலும்தான் வருகின்றன. இது மீனவர் கிராமமாக இருந்த ஊர் என்கிறார்களே, அந்த ஊரில் மிச்சம் ஏதாவது உண்டா? எந்தப் பக்கம் இறங்குவது?

தண்டவாளம்:
உண்டு. பெரும்பாலோர் தவறவிடக் காரணம் டிராம்தான். ஹேக் மத்திய ரயில் நிலையத்திலிருந்து 9ஆம் எண்ணில் ஏறினால் அது நேரே குர்ஹவுஸ் பக்கம் போய்விடும். அது 1818இல் யாக்கோப் பிரோங்க் என்பவர் மரத்தால் ஒரு குளியல் விடுதி கட்டியதிலிருந்து வளர்ந்த உல்லாசப் பகுதி. குர்ஹவுஸ் 1885இல்தான் வந்தது. மீனவர் ஊர் அதற்குத் தென்மேற்கே இருக்கிறது.

நீங்கள் ஏற வேண்டியது அமைதி அரண்மனை வழியாகப் போகும் 1ஆம் எண். கெய்ஸர்ஸ்ட்ராட் நிறுத்தத்தில் இறங்குங்கள். அதே பெயருள்ள கடைத்தெருதான் பழைய ஊரின் முதுகெலும்பு, அதன் வழியே கடலை நோக்கி நடங்கள். டிராம் வந்த பாதையையும் கவனியுங்கள். கொன்ஸ்டான்டைன் ஹோய்கன்ஸ் என்ற கவிஞர் திட்டமிட்டு 1665இல் முடிந்த கல் பாவிய சாலை அது. அதற்கு முன் மணல்மேடுகளைக் கடந்துதான் மீன் நகரத்துக்குப் போக வேண்டும். சாலை வந்த பிறகும் பெண்கள் கூடை சுமந்து நடந்தேதான் விற்கப் போனார்கள்.

தெருக்கோடியில் பழைய தேவாலயம் நிற்கும். அங்கே அவசரப்படாதீர்கள். கோயில் ஏன் ஊர் நடுவில் இல்லாமல் கடல் விளிம்பில் இருக்கிறது என்று தோன்றும். நடுவில்தான் இருந்தது. 1570 நவம்பர் 1 அன்று வந்த புனிதர் திருநாள் வெள்ளத்தில் ஊரின் பாதி கடலுக்குள் போயிற்று. இன்று நாம் நடப்பது மிஞ்சிய பாதியில்.

பிறகு கடலைப் பார்த்தபடி இடப்பக்கம் திரும்பினால் மீனவப் பெண் சிலை (1982), அதற்கப்பால் 1875ஆம் ஆண்டின் சிவப்பு வார்ப்பிரும்புக் கலங்கரை விளக்கம், கடைசியில் துறைமுகம். எல்லாம் சேர்த்து இரண்டு கிலோமீட்டரை ஒட்டித்தான் வரும். திரும்பும்போது துறைமுகத்திலிருந்து 11ஆம் எண் டிராம். வங்கி அட்டையைத் தட்டி ஏறலாம், ஆனால் இறங்கும்போதும் தட்ட வேண்டும். மறந்தால் பயணக் கட்டணத்துக்குப் பதில் ஒரு நிலையான தொகை பிடித்துவிடுவார்கள்.

பாய்மரன்:
ஒரு திருத்தம் இல்லை, சேர்க்கை. துறைமுகத்தைப் பார்த்து "இங்கேதான் பழைய மீனவர்கள் படகை நிறுத்தினார்கள்" என்று நினைத்துவிட வேண்டாம். அது 1904இல் வந்தது. அதுவரை இந்த ஊருக்குத் துறையே கிடையாது, படகுகள் மணலிலேயே ஏறி நின்றன. அதற்கென்றே இருந்த படகுதான் 'பொம்'. அடி தட்டை, அகலம் நீளத்தில் கிட்டத்தட்ட பாதி. தட்டை அடி என்பதால் நீர் வற்றும்போது சாயாமல் மணலில் உட்காரும். ஆனால் ஆழமான அடிக்கட்டை இல்லாததால் காற்று பக்கவாட்டில் தள்ளிவிடும். அதைத் தடுக்க இருபுறமும் பெரிய பலகைகளைத் தொங்கவிட்டு, காற்று போகும் பக்கத்துப் பலகையை நீரில் இறக்குவார்கள்.

மணலில் ஏற்ற வேண்டும் என்பதால் படகைப் பெரிதாக்கவும் முடியவில்லை, வேகமாக்கவும் முடியவில்லை. 1866இல் 'லாகர்' என்ற வேகமான படகு வந்தபோது அதை இந்தக் கரையில் ஏற்ற வழியில்லை. வேறு ஊர்த் துறைகளில்தான் நிறுத்தினார்கள். 1894 டிசம்பர் புயலில் கரையில் நின்ற பொம்கள் நொறுங்கிய பிறகுதான் துறைமுகக் கோரிக்கை வென்றது. வந்ததும் பொம்களின் காலம் முடிந்தது.

கெய்ஸர்ஸ்ட்ராட்டுக்கு இருபுறமும் உள்ள குறுக்குச் சந்துகளில் ஒன்றிரண்டிலாவது நுழைந்து பாருங்கள். தாழ்ந்த செங்கல் வீடுகள், முற்றத்தைச் சுற்றி நெருக்கி நிற்பவை. மக்கள் குடியிருக்கும் இடம் அது. முற்றத்துக்குள் போகாமல், சன்னலுக்குள் கேமராவை நீட்டாமல் வாருங்கள்.

நெய்தல்நிலா:
மிக்க நன்றி. மெஸ்டாக் பனோரமா ஓவியத்தையும் பார்க்க ஆசை. ஊருக்கு முன்பா, பின்பா?

சாயக்கிண்ணம்:
முன்பு. தயங்கவே வேண்டாம். வட்டமாக, சுமார் 120 மீட்டர் சுற்றளவும் 14 மீட்டர் உயரமும் கொண்ட ஓவியம், 1881இல் முடிந்தது. ஸ்கேவெனிங்கனில் இருந்த செயின்போஸ்ட் மணல்மேட்டின் உச்சியிலிருந்து கண்டதைத்தான் ஓவியர் மெஸ்டாக் வரைந்தார், அந்த மேட்டைத் தரைமட்டமாக்கும் திட்டம் அப்போதே இருந்தது. நடுவில் ஏறி நின்றதும் முதலில் தேவாலயக் கோபுரத்தைக் கண்டுபிடியுங்கள், பிறகு கலங்கரை விளக்கத்தை. இவை இரண்டும் இன்றும் நிற்பதால் மற்றதெல்லாம் தானே இடத்தில் பொருந்தும். கரையில் வரிசையாக நிற்பவைதான் பாய்மரன் சொன்ன பொம்கள். குர்ஹவுஸைத் தேடாதீர்கள், இன்னும் கட்டவில்லை. அருங்காட்சியகம் ஸேஸ்ட்ராட் தெருவில், 1ஆம் எண் டிராம் போகும் வழியிலேயே இருக்கிறது.

மணல்திட்டு:
அக்டோபர் என்பதால் இரண்டு எச்சரிக்கை. குடை எடுத்து வராதீர்கள், மேற்குக் காற்றில் திரும்பிக்கொள்ளும். தலைமூடி உள்ள மழைச்சட்டை போதும். துறைமுக வாயிலின் அலைத்தடுப்புச் சுவர்மேல் காற்று பலமான நாளில் நடக்க வேண்டாம். அலை மேலேறி வரும், கல் வழுக்கும்.

யாராவது கடலில் இறங்கினால்: மணல்திட்டுகளுக்கு இடையே உள்ள பள்ளத்தை அங்கே 'மௌய்' என்பார்கள். கரையில் ஏறிய நீர் அதன் வழியாகத்தான் வெளியே பாயும், அலை குறைவாக இருப்பதால் பார்க்க அமைதியாகத் தெரியும். இழுத்தால் எதிர்த்து நீந்தாமல், மிதந்து, கரைக்கு இணையாக விலகுங்கள். சிவப்பும் மஞ்சளும் சேர்ந்த கொடி இருந்தால்தான் காவலர் பணியில் இருக்கிறார் என்று பொருள்.

கடற்கரை நடைபாதை அலை அலையாக வளைந்து ஏறி இறங்கும். மனுவேல் டி சோலா மொராலஸ் வடிவமைத்து 2013இல் முடிந்தது. அதன் அடியில் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு வெள்ளத் தடுப்பு அணை புதைந்திருக்கிறது. தேவாலயத்தைப் பார்த்துவிட்டு வரும்போது அதன்மேல்தான் நடப்பீர்கள். முழங்கால் வலி உள்ளவருக்குப் படிகளை விடச் சரிவுப் பாதைகள் நல்லது, இரண்டும் இருக்கின்றன.