மறு: ‘செஷன்’ – அமர்வா, நடையா?

நண்பர்களுக்கு வணக்கம். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதை ஆடுகிறோமே, அதற்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். ஒரு முறை கூடி ஆடுவது ‘செஷன்’. போன மடலில் வந்த கேள்வி இது:

> ‘செஷன்’ அமர்வு, ‘அட்வென்ச்சர்’ சாகசம். இருக்கிற சொற்களே போதாதா?

கருத்தரங்குக்கு அமர்வு சரி. சாகசம் என்றாலோ கூண்டுக்குள் மோட்டார் சைக்கிள் சுற்றும் சர்க்கஸ்தான் எனக்கு ஞாபகம் வருகிறது. கொடைக்கானலில் நாங்கள் ஆடுவது கூட்டுத் தொடர், அதாவது பலர் சேர்ந்து பல வாரம் நீட்டும் ஒரே கதை. உலகம் ஒன்று, வரைபடம் ஒன்று, ஆட்டத்தை நடத்தும் நடுவர்கள் மூன்று பேர். (இந்த வகை ஆட்டத்தைத் தொடங்கிவைத்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 1974 விதிகளிலேயே ஆட்டத்தை நடத்துபவருக்கு ‘ரெஃப்ரி’, அதாவது நடுவர் என்ற சொல்தான் இருந்தது.) மே சீசனில் ஹோம்ஸ்டே வைத்திருப்பவர்கள் தலைகாட்ட மாட்டார்கள். ஐப்பசி மழையில் பூம்பாறைக்காரர்கள் வர மாட்டார்கள். இந்த வாரம் குகைக்குள் விட்ட ஆட்களை அடுத்த வாரம் அப்படியே பிடித்து உட்காரவைப்பது நடக்காத காரியம்.

இதற்கு வழி ஏற்கெனவே உண்டு. 2000களின் தொடக்கத்தில் ஆட்ட வடிவமைப்பாளர் பென் ராபின்ஸ் நடத்திய ‘வெஸ்ட் மார்ச்சஸ்’ தொடரில் நிலையான நாள் இல்லை, நிலையான குழு இல்லை, நடுவர் பின்னிவைத்த பெருங்கதையும் இல்லை. எங்கே போவது என்று ஆடுகிறவர்களே பேசி முடிவுசெய்வார்கள். நடுவர் அந்த இடத்தைத் தயார் செய்தால் போதும். ஊரில் புறப்பட வேண்டும், ஆட்டம் முடிவதற்குள் ஊர் திரும்ப வேண்டும்.

போய்த் திரும்பினால் ஒன்று. மலையில் ஜீப் ஓட்டுகிற யாரைக் கேட்டாலும் இதற்குச் சொல் கொடுப்பார்கள்: நடை. “காலையிலேயே ரெண்டு நடை அடிச்சாச்சு.” அமர்வில் திரும்பி வருவது இல்லை, நடையில் இருக்கிறது.

அப்புறம் பதிவு. எங்கள் வரைபடத்தில் புறப்பட்டுத் திரும்பும் ஊர் வெள்ளகவி கிராமம். போன நடையிலிருந்து ஒன்று:

“குக்கல் குகை. நான்கு பேர். போக 2 நாள், வர 2 நாள். தீப்பந்தம் ஆறில் ஒன்று மிச்சம். உள்ளறைக் கதவு திறக்கவில்லை. பின்னால் தண்ணீர்ச் சத்தம்.”

இதைப் படித்துவிட்டுத்தான் அடுத்த நடுவர் அந்தக் கதவைத் தொட முடியும். கதையில் எந்த நாள் என்று எழுதாவிட்டால் வம்புதான்: வேறொரு குழு அதே நாளில் அதே குகைக்குப் போய்ப் புதையலை எடுத்திருக்கும். தொடருக்கு நாட்கணக்கு கட்டாயம் என்று டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் 1979இலேயே அழுத்திச் சொன்னது இதனால்தான். இந்தத் தாளுக்கு நடைச்சீட்டு என்று பெயர் வைக்கலாம். கல், மண் ஏற்றிப் போக வாங்கும் அனுமதிச் சீட்டுக்கு குவாரி லாரிக்காரர்கள் ஏற்கெனவே வைத்திருக்கிற சொல்.

---

மறு: மறு: ‘செஷன்’ – அமர்வா, நடையா?

தம்பி, நடைச்சீட்டுக்கு என் ஓட்டு உண்டு. நடைக்குத்தான் தயக்கம். உரைநடை இருக்கிறது, கோயில் நடை இருக்கிறது. “நடை முடிந்தது” என்று மடல் வந்தால் யாருடைய நடை என்று கேட்க மாட்டார்களா? ‘கேம்பெயின்’ என்பதைப் பரப்புரை என்று எழுதாமல் தொடர் என்றதற்கு மட்டும் மறுப்பில்லை. போர் விளையாட்டிலிருந்து வந்த சொல்லுக்கு ஓட்டுக் கேட்கிற ஆட்டோ எதற்கு?

இன்னொன்று. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகி, கதையில் ஆட்கள் காட்டுக்குள்ளேயே நின்றுவிட்டால் அதுவும் நடையா?

---

மறு: மறு: மறு: ‘செஷன்’ – அமர்வா, நடையா?

ஐயா, எண் சேர்த்தால் குழப்பம் வராது. ‘ஏழாம் நடை’ என்றால் யாரும் கோயில் வாசலைத் தேட மாட்டார்கள். தலைப்பில் எப்போதும் எண்ணோடு எழுதுவோம்.

திரும்பாவிட்டால் அது தங்கல். பஸ்காரர்களின் நைட் ஹால்ட் மாதிரி. தங்கலில் மாட்டியவருக்கு நடுவர் பகடை உருட்டுவார்: காயத்தோடு ஊர் சேர்ந்தாரா, பொருளைத் தொலைத்தாரா, பேரிஜம் காட்டில் பிடிபட்டாரா என்று அட்டவணை சொல்லும். நடைச்சீட்டில் அதற்கு ஒரு கட்டம் விட்டுவிடுகிறேன். அட்டவணையை நீங்கள் எழுதித் தருகிறீர்களா?