தனியாகத் தீமா தாசோ ஏரிக்கு: வழி சொல்லுங்கள்

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். நான் மலேசியாவில், கெடா மாநிலத்துப் பெடோங் தோட்டத்துப் பெண். வரும் சனிக்கிழமை தனியாக வடக்கே பெர்லிஸ் மாநிலத்துக்குப் போய், தீமா தாசோ ஏரியைப் பார்த்துவிட்டு அன்றே திரும்ப வேண்டும்.

தீமா, தாசோ என்ற இரண்டு ஆறுகளையும் அணை கட்டித் தேக்கி, 1992-இல் உருவான ஏரி அது. அந்தப் பக்கம் சுண்ணாம்பு மலைகள், மலைக்கு அப்பால் தாய்லாந்து. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த காலத்தில் அப்பா அங்கே ஒருமுறை மீன் பிடிக்கப் போனார். தூண்டில் நரம்பு சுற்றிய அவருடைய மைலோ டின், துருப்பிடித்து, இன்னும் எங்கள் அடுப்படி ஜன்னலில்தான் இருக்கிறது. அவர் இப்போது இல்லை. அவர் உட்கார்ந்த கரையில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

சுங்கைப் பட்டாணியில் கொமுட்டர் ரயில் ஏறினால் எல்லையோரப் பாடாங் பெசார் வரை நேராகப் போகலாம், சரி. அப்புறம்தான் குழப்பம். வழியில் ஆரா ஸ்டேஷனில் இறங்குவதா, பாடாங் பெசாரிலா? எங்கே கிராப் வாடகை வண்டி சுலபமாகக் கிடைக்கும்? போக வண்டி கிடைத்து, திரும்பும்போது கிடைக்காவிட்டால் என்ன செய்வது? காத்திருந்து கூட்டிவரும் டாக்சிக்காரர் யாரையாவது தெரியுமா? எல்லை தாண்டமாட்டேன், கடப்பிதழும் இல்லை. எல்லையோரம் கைப்பேசி தாய்லாந்து லைனுக்குத் தாவுமா?

தனியாகப் போன அக்காமார் யாராவது இருந்தால், எத்தனை மணிக்குள் கரையை விட்டுக் கிளம்புவது நல்லது என்று கட்டாயம் எழுதுங்கள்.